எது முன், எது பின்?

9 − 4 − 2 என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர் இடமிருந்து கழித்து 3 என்பர். பின்னிரண்டை முதலில் கழிப்பவருக்கோ விடை 7. எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. கணிப்பொறி இவற்றுள் எதைக் கொள்வது?

1963-இல் அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஃபிளாயிட், செயற்குறிகளின் முன்னுரிமையைக் கொண்டே தொடரைப் பகுக்கும் முறையை வகுத்தார். 1965-இல் டொனால்டு கனூத் அதனினும் விரிந்த பொதுமுறையைத் தந்தார். ஆயினும் அது இருபொருள்படும் இலக்கணத்தை ஏற்பதன்று. கூட்டலுக்கு ஒரு படி, பெருக்கலுக்கு ஒரு படி என விதிகளை அடுக்கியே எழுத வேண்டியிருந்தது.

1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தின் ஸ்டீபன் ஜான்சன், 'சி' மொழிக்கு முன்னோடியான 'பி' மொழியில் ஒரு செயற்குறியைச் சேர்க்க விழைந்தார். ஒரே குறிதான், வேலையோ கடினமாயிற்று. உடன் பணியாற்றிய ஆல்பிரட் ஏஹோ கனூத்தின் முறையைச் சுட்டிக்காட்டினார். இலக்கணத்தைக் கொடுத்தால் பகுக்கும் நிரலை ஆக்கித் தரும் 'யாக்' இவ்வாறு பிறந்தது. இலக்கணம் இருபொருள்படினும் ஆகுக, எது முன் என்பதைத் தனியே அறிவித்தால் போதும் என்னும் வழியை ஏஹோ, ஜான்சன், உல்மன் ஆகிய மூவரும் 1975-இல் கட்டுரையாக வெளியிட்டனர்.

9 − 4 வரை படித்த நிரல் அடுத்த கழித்தற்குறியைக் காண்கிறது. கையிலுள்ள விதியை முடிப்பதா, குறியை ஏற்றுத் தொடர்வதா? இதுவே முரண். விதியின் முன்னுரிமை உயர்ந்ததாயின் முடிக்கும். வரும் குறியினது உயர்ந்ததாயின் தொடரும். இரண்டும் சமமாயின், இடச்சார்பு என அறிவிக்கப்பட்ட குறிக்கு முடிக்கும், வலச்சார்புக்குத் தொடரும். அறிவிப்பே இல்லையெனில் யாக் தொடர்வதையே தேர்ந்து, முரண்களின் தொகையை எண்ணிச் சொல்லும்.

அறிவிப்பால் தீர்ந்த முரணையோ அது எண்ணுவதில்லை. இடர் இங்கேதான் உள்ளது. எதிர்மக் குறியும் கழித்தற்குறியும் வடிவில் ஒன்றே. எதிர்ம விதிக்குத் தனி முன்னுரிமை தர மறந்தால், −2 × 3 என்பது 2 × 3-இன் எதிர்மமாகப் பகுக்கப்படும். எப்படிப் பகுத்தாலும் விடை −6 ஆதலால் பிழை எவர் கண்ணிலும் படாது. யாக்கும் வாய் திறவாது. முன்னுரிமை அறிவிப்புகள் இலக்கணப் பிழையை மறைத்துவிடக் கூடும், சிக்கனமாகவே பயன்படுத்துக என ஜான்சனின் கையேடே எச்சரித்தது. தாம் செய்த கருவியின் குறையைத் தாமே எழுதிவைத்தது நேர்மை.

1985-இல் இராபர்ட் கார்பெட் 'பைசன்' என்னும் வழித்தோன்றலை எழுதினார். கவரிமாவின் பெயரொலிக்குப் பின் காட்டெருமையின் பெயர்! 2020-இல் வந்த அதன் 3.7 பதிப்பு, தீராத முரணுக்கு எடுத்துக்காட்டுத் தொடரையே ஆக்கிக் காட்டத் தொடங்கியது. அறிவிப்பால் அடங்கியவற்றைக் காண விரும்புவோர் தனி அறிக்கையைக் கேட்டு வாங்கித்தான் படிக்க வேண்டும்.