முயலுக்குத் தண்ணி வேண்டாமா? ஒரு நம்பிக்கையின் வரலாறும் ஒரு தாகத்தின் கணக்கும்

தென்காசி, செங்கோட்டை, இலஞ்சிப் பக்கம் சந்தையில் முயல் குட்டி வாங்கினால் கூடவே இலவசமாக ஒரு அறிவுரையும் வரும். "தண்ணி மட்டும் வச்சிராதிய, கழிச்சல் வந்து செத்துப்போயிரும் பாத்துக்கிடுங்க." குற்றாலம் சீசனுக்கு வந்து பிள்ளைகள் அடம்பிடித்ததால் ஜோடி முயல் வாங்கிப்போகிற வெளியூர்க்காரர்களும் இதைக் கேட்டிருப்பார்கள். விசாரித்துப் பார்த்தால் மதுரையிலும் கோவையிலும் இதையேதான் சொல்கிறார்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடத் தேட வேறொரு விஷயம்தான் பெரிதாகத் தெரிந்தது. தண்ணியே வைக்காத வீட்டில் முயல் தாகத்தில் வாடுவது ஒரு பக்கம். அதைவிட, முயல் எவ்வளவு குடிக்கிறது என்று யாருமே கவனிக்காததால், அது அளவுக்கு மீறிக் குடிக்கத் தொடங்கும்போது நமக்குத் தெரியாமலே போகிறது. அந்த அதிகத் தாகம்தான் பல நோய்களின் முதல் அடையாளம்.

ஒரு பெயர், இரண்டு விலங்கு

தமிழில் முயல் என்று ஒரே சொல்தான். ஆனால் விலங்கு இரண்டு. பொதிகை அடிவாரத்திலும் மேலகரம், ஆய்க்குடிப் பக்கத்துத் தரிசுகளிலும் இரவில் வண்டி வெளிச்சத்தில் துள்ளி ஓடுவது காட்டு முயல். நிலாவில் நம் முன்னோர்கள் பார்த்த முயலும் இதுதான். வீட்டுக் கூண்டில் இருப்பது ஸ்பெயின், பிரான்ஸ் பக்கத்துப் பூர்வீகம் கொண்ட குழிமுயலின் வம்சம். ஐரோப்பியர் வழியாக இங்கே வந்தது.

இரண்டும் பார்க்கத்தான் ஒன்றுபோல. காட்டு முயலுக்கு 48 குரோமோசோம், வீட்டு முயலுக்கு 44. காட்டு முயல் வளை தோண்டாது, குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயல் குட்டி ரோமமில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். இரண்டும் இணைந்து குட்டி போடாது. காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காட்டு முயல் பகலில் புதரடியில் படுத்துக்கிடந்து, அந்தியிலும் இரவிலும் மேயும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். மேலே பனித்துளி வேறு. அது குளத்தில் இறங்கிக் குடிப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "முயல் தண்ணி குடிக்காது" என்பது அதைப் பார்த்தவர்கள் சொன்ன சொல்லாக இருக்கலாம் என்பது என் ஊகம். அதே பெயரில் இன்னொரு விலங்கு வந்து கூண்டில் உட்கார்ந்ததும், சொல்லும் அதற்கு ஒட்டிக்கொண்டது.

நம்மை மட்டும் குறை சொல்ல வேண்டாம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கொல்லையில் முயல் வளர்த்தவர்களிடமும் இதே நம்பிக்கை இருந்தது. கீரை கொடுத்தால் தண்ணீர் தேவையில்லை, கொடுத்தால் கெடுதல் என்று சொன்னவர்கள் அங்கேயும் உண்டு.

கழிச்சல் பயத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. முயல் குட்டிகளைக் கொல்லும் பெரிய நோய்களில் ஒன்று ரத்தக் கழிச்சல், அதாவது காக்சிடியோசிஸ். புழுக்கையோடு வெளியேறும் அதன் கிருமி முட்டைகள் ஈரமான தரையில்தான் நன்றாக முதிர்ந்து அடுத்த குட்டிக்குத் தொற்றும். சட்டியில் தண்ணி வைத்தால் குட்டிகள் கவிழ்க்கும், கூண்டு நனையும், கழிச்சல் வரும். பார்த்தவர்கள் பார்த்தது உண்மைதான். குற்றவாளியைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்கள். குடித்த தண்ணீர் அல்ல, கொட்டிய தண்ணீர்.

மூத்திரம் பார்த்த ஊர்

உள்ளே போகிற தண்ணியைக் கவனிக்காதவர்கள் வெளியே வருகிற நீரையாவது பார்க்கலாம். அதற்கு நம்ம மாவட்டத்திலேயே ஒரு பழைய மரபு உண்டு. கடையம் பக்கம் தோரணமலை இருக்கிறது. முருகன் கோயிலுக்காகப் படியேறுபவர்களுக்கு, அது தேரையர் வாழ்ந்த மலை என்கிற ஐதீகமும் தெரிந்திருக்கும். அந்தத் தேரையர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதுதான் சித்த மருத்துவத்தின் நீர்க்குறி, நெய்க்குறி.

நீர்க்குறியில் நோயாளியின் சிறுநீரை ஐந்து வகையாகப் பார்க்கிறார்கள்: நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல். நெய்க்குறியில் அதன்மேல் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்புபோல் நீள்கிறதா, மோதிரம்போல் வளையமாகிறதா, முத்துப்போல் நிற்கிறதா என்று கவனித்து வாதம், பித்தம், கபம் என்று பிரிக்கிறார்கள்.

மனிதர்களுக்காகச் சொன்னதை முயலுக்குச் செய்து பாருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நோயைக் கழிவில் தேடுகிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன். வாய் திறந்து சொல்ல முடியாத உயிருக்கு அது இன்னும் பொருந்தும். அதிலும் முயல் வேட்டையாடப்படும் விலங்கு. நோவைக் காட்டிக்கொண்டால் நரி முதலில் அதைத்தான் பிடிக்கும். அதனால் கடைசிவரை ஒன்றும் ஆகாததுபோல் உட்கார்ந்திருக்கும்.

பாரீஸ் ஆய்வகத்து முயல்கள்

முயல் மூத்திரத்தைப் பார்த்து மருத்துவ வரலாற்றையே திருப்பிய ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார். சந்தையிலிருந்து அவருடைய ஆய்வகத்துக்குச் சில முயல்கள் வந்தன. மேசைமேல் வைத்ததும் மூத்திரம் பெய்தன. அது தெளிவாக, அமிலத் தன்மையோடு இருந்தது. பெர்னாருக்கு இது இடித்தது. புல் தின்னும் விலங்கின் மூத்திரம் கலங்கலாகவும் காரத் தன்மையோடும்தான் இருக்க வேண்டும். தெளிந்த அமில மூத்திரம் மாமிசம் தின்பவற்றுக்குரியது.

அவர் போட்ட கணக்கு இது: இந்த முயல்களுக்குச் சந்தையில் வெகுநேரம் யாரும் தீனி போடவில்லை. பசியில் தங்கள் சதையையே எரித்து உயிர்வாழ்கின்றன, அதாவது தற்காலிகமாக மாமிசபட்சிணி ஆகிவிட்டன. புல் போட்டார், மூத்திரம் கலங்கியது. பட்டினி போட்டார், மறுபடி தெளிந்தது. 1865இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலில், ஒரு தற்செயலான கவனிப்பு எப்படி ஆய்வாக மாறுகிறது என்பதற்கு இதையே உதாரணமாக வைத்தார்.

இது இன்றைக்கும் உதவுகிற தகவல். முயலின் மூத்திரம் கலங்கலாக, சுண்ணாம்பு கரைத்ததுபோல் இருப்பது இயல்பு. மற்ற விலங்குகள் தீனியிலிருந்து தேவையான கால்சியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். முயல் கிடைத்ததையெல்லாம் உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சிறுநீரகம் வழியாக வெளியே தள்ளும். அந்தச் சுண்ணாம்புதான் கலங்கல். சில கீரைகளின் சாயத்தால் மூத்திரம் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோகூட வரும். அது எப்போதும் ரத்தம் இல்லை. வழக்கமாகக் கலங்கலாகப் போன பெரிய முயல் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து, பச்சைத் தண்ணிபோலவே பெய்ய ஆரம்பித்தால்தான் யோசிக்க வேண்டும். சினையாக இருக்கும், பால் கொடுக்கும் முயலுக்குக் கால்சியம் குட்டிக்குப் போவதால் மூத்திரம் தெளிவது இயல்பு.

1922: இரண்டு கண்டுபிடிப்புகள்

அதிகத் தாகம் என்றாலே நமக்குச் சர்க்கரை வியாதிதான் ஞாபகம் வரும். நீரிழிவு என்கிற பெயரே அப்படித்தான். அந்த நோயின் கதையிலும் முயல் இருக்கிறது. 1849இல் இதே பெர்னார், முயலின் மூளை அடிப்பகுதியில் ஓரிடத்தில் ஊசியால் குத்தினால் மூத்திரத்தில் சர்க்கரை இறங்குவதைக் காட்டினார். டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களை வைத்து இன்சுலினைத் தேடிக்கொண்டிருந்தபோது, 1921 டிசம்பரில் அவர்களோடு சேர்ந்த காலிப், தான் சுத்திகரித்த சாற்றின் வீரியத்தை முயல்களில் சோதித்தார். ரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பு வந்த முயல், குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்தது. 1922 ஜனவரியில் அந்த மருந்து முதல் மனித நோயாளிக்குப் போனது. இன்சுலின் யூனிட் என்கிற அளவே, 24 மணி நேரம் பட்டினி கிடந்த 2 கிலோ முயலின் சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்பதை வைத்துத்தான் முதலில் வரையறுக்கப்பட்டது.

இவ்வளவு செய்த முயலுக்குச் சர்க்கரை வியாதி வருவது மிக அபூர்வம். வளர்ப்பு முயல் அதிகம் தண்ணி குடித்தால் "சுகராத்தான் இருக்கும்" என்று முடிவு கட்டக் கூடாது. பயந்த முயலுக்கு ரத்தச் சர்க்கரை தானாகவே ஏறும். ஆஸ்பத்திரிக்குக் கூடையில் தூக்கிப்போன பயமே போதும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து இன்சுலின் போட்டால் முயல் போய்விடும்.

உண்மையான எதிரி வேறு. அதே 1922இல் ரைட், கிரேக்ஹெட் என்கிற இரு ஆய்வாளர்கள், இளம் முயல்களைக் கைகால் விழச் செய்யும் ஒரு நுண்ணுயிரியை விவரித்தார்கள். இன்று அதன் பெயர் என்செபாலிட்டோசூன் குனிகுலி. மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். மூத்திரம் வழியாக ஒரு முயலிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். பல முயல்கள் இதைச் சுமந்துகொண்டே நன்றாக வாழும். சிலவற்றுக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகும், பின்னங்கால் தள்ளாடும். சிலவற்றுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும். அந்தக் கேட்டுக்கு வெளியே தெரிகிற அடையாளங்களில் ஒன்று, பாட்டில் சீக்கிரம் காலியாவது.

அளந்தால்தான் தெரியும்

ஆரோக்கியமான முயல் ஒரு நாளைக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 50 முதல் 150 மில்லி வரை குடிக்கும். 2 கிலோ முயல் என்றால் 100 முதல் 300 மில்லி. முழுக்கப் பச்சைப் புல் தின்பது இதைவிடக் குறைவாகக் குடிக்கும். உலர்தீனி தின்பது, தின்கிற எடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும்.

காலையில் 500 மில்லி அளந்து கவிழாத கனமான மண்சட்டியில் ஊற்றுங்கள். அதே மாதிரி இன்னொரு சட்டியைக் கூண்டுக்கு வெளியே, முயல் எட்டாத இடத்தில் வையுங்கள். மறுநாள் காலை இரண்டிலும் மிச்சத்தை அளந்தால், வெளிச் சட்டியில் குறைந்தது ஆவியானது, உள்ளே கூடுதலாகக் குறைந்தது முயல் குடித்தது. மூன்று நாள் எழுதினால் உங்கள் முயலின் வழக்கமான அளவு கிடைத்துவிடும். ஆரோக்கியமாக இருக்கும்போதே இதைச் செய்து வைத்துக்கொண்டால்தான் நோய் வரும்போது ஒப்பிட முடியும்.

அளவு கூடினால் முதலில் சாதாரணக் காரணங்களைப் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலா? பச்சையிலிருந்து உலர்தீனிக்கு மாற்றினீர்களா? குட்டிக்குப் பால் கொடுக்கிறதா? இங்கே தென்காசிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும்போது வெயிலும் இல்லை, புல்லெல்லாம் ஈரம். முயல் குறைவாகக் குடிக்க வேண்டிய காலம் அது. சாரல் மாதத்திலும் சட்டி காலியாகிறது என்றால் பழியை வெயில்மேல் போட முடியாது.

தீனியையும் கவனியுங்கள். நம்ம ஊரில் முயலுக்குத் தாராளமாகப் போடுகிற அகத்தி, முருங்கை, குதிரைமசால் மூன்றிலும் கால்சியம் அதிகம். வளரும் குட்டிக்கும் தாய்க்கும் நல்லது. வளர்ந்த முயலுக்கு அதையே தினமும் போட்டு, தண்ணியையும் குறைத்தால் மூத்திரப்பையில் சுண்ணாம்புச் சேறும் கல்லும் சேரும். அருகம்புல் மாதிரிப் புல் வகைதான் அன்றாடத் தீனியாக இருக்க வேண்டும்.

எப்போது டாக்டரிடம் போவது?

காரணமே இல்லாமல் இரண்டு நாள் தொடர்ந்து கிலோவுக்கு 150 மில்லிக்கு மேல் குடித்தால், அல்லது தன் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு குடித்தால், அந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். கூடவே எடை குறைந்தால், பின்பக்கம் எப்போதும் நனைந்திருந்தால், வாயில் எச்சில் ஒழுகினால், கழுத்துச் சாய்ந்தால் மறுநாளே போக வேண்டும். நனைந்த பின்பக்கத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது மழை நாட்களில் சீக்கிரம் நடக்கும். புழுவைப் பார்த்துவிட்டால் அன்றைக்கே ஓட வேண்டும்.

12 மணி நேரம் தீனி தொடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரம், ராத்திரியானாலும். இதில் ஏமாறுவது எளிது. தின்பதை நிறுத்திய முயல் சில சமயம் தண்ணியை மட்டும் அதிகமாகக் குடிக்கும். "தண்ணி குடிக்குதுல்லா, நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுவோம்.

செய்யவே கூடாத ஒன்று, அதிகம் குடிக்கிறதே என்று தண்ணியைக் குறைப்பது. கெட்ட சிறுநீரகத்தால் நீரைத் தேக்கி வைக்க முடியாது. போவதை ஈடுகட்டத்தான் அது குடிக்கிறது. சட்டியை எடுத்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் இருக்கிற அமாக்சிசிலின் மாதிரி மாத்திரையை உடைத்து வாயில் போடுவதும் வேண்டாம். முயல் குடலின் நல்ல கிருமிகளை அது கொன்றுவிடும்.

உள்ளூர்க் கால்நடை மருந்தகங்களில் வருவது பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும்தான். முயல் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆனாலும் இதற்கு இன்னும் நெல்லைக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. போகும்போது மூன்று நாள் தண்ணிக் கணக்கு, முயலின் எடை, வழக்கமான தீனியின் பட்டியல், சுத்தமான தட்டிலிருந்து ஊசி போடாத சிரிஞ்சில் உறிஞ்சிய புது மூத்திரம் இவ்வளவும் கொண்டுபோங்கள். டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

சந்தையில் அடுத்த முறை யாராவது "தண்ணி வைக்காதிய" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். கூண்டை நனைய விடாதீர்கள் என்று அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அளந்து ஊற்றுங்கள்.