பொஸ்ரனின் பணமும் வட்டுக்கோட்டையின் கல்வியும்

கொடையால் இயங்கும் பொதுத் தாபனம் ஒன்றின் வரலாற்றை ஆராயுங்கால், யார் கொடுத்தார் என்று கேட்பதோடு நாம் அமைந்துவிடுதல் தகாது. எதற்காகக் கொடுத்தார், எந்த எல்லையில் நிறுத்தினார் என்றும் கேட்டல் வேண்டும். வட்டுக்கோட்டைச் செமினரியின் எழுச்சியும் வீழ்ச்சியும் இவ்வினாக்களுக்குத் தக்க விடை பகர்வன.

1816 இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிசனரிமாரை அனுப்பியது, பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிசன் சபையாகும். அதன் நிதியில் செல்வரின் பணத்தோடு, திருச்சபைகளிலும் மாதர் சங்கங்களிலும் எளிய மக்கள் சேர்த்த சில்லறைக் காசும் கலந்திருந்தது. அவர்தம் நன்னோக்கை நாம் ஐயுறவில்லை. ஆயினும், விடுதிப் பாடசாலையில் ஒரு பிள்ளையின் ஊணுக்கும் உடைக்கும் பணம் அனுப்பியவர், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமையையும் பெற்றார். கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை முதலிய பெயர்கள் இவ்வாறு எழுந்தனவே. பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னே கொடையாளர் தந்த பெயர் வந்து நின்றது.

1823 இல் டானியேல் பூர் தலைமையில் செமினரி தொடங்கிற்று. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், தருக்கம் எனப் பாடங்கள் விரிந்தன. ஐரோப்பியக் கல்லூரிகளோடு ஒப்பிடத்தக்கதென எமேர்சன் ரெனன்ற் அதனை 1850 இல் பாராட்டினார். ஆனால், ஒரே தாபனத்தை இரு சாராரும் இரு வேறு கண்கொண்டு நோக்கினர். சபைக்கு அது போதகரை உருவாக்கும் பட்டறை. சிறு நிலத்தை நம்பி வாழ்ந்த யாழ்ப்பாணப் பெற்றோருக்கோ உத்தியோகத்துக்கும் புத்தறிவுக்கும் வாயில். பொஸ்ரனுக்குச் சென்ற அறிக்கைகளில் மதம் மாறியோர் தொகை முக்கிய இடம் பெற்றது. கொடையாளர் வாசிக்க விரும்பியது அதுவே.

1837 இல் அமெரிக்காவில் வங்கிகள் நொடித்தன. சபை தன் உதவியைக் குறைத்தது. யாழ்ப்பாணக் கிராமங்களில் பாடசாலைகள் பல மூடப்பட, ஆயிரக்கணக்கான சிறுவர் வீடு திரும்பினர். நியூயோர்க்கின் வட்டிக் கணக்கு பற்றி அச்சிறுவர் என்ன அறிவர்?

1855 இல் நேர்ந்தது பணமுடையன்று, கொள்கை மாற்றம். சபையின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் தூதுக்குழுவோடு வந்து பார்வையிட்டார். ஆங்கிலம் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர். செலவுக்கேற்ற போதகர் கிடைத்திலர் எனக் கண்டனர். அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. இனிக் கல்வி தாய்மொழியில் நடத்தல் வேண்டும் என்றனர். தாய்மொழிக் கல்வி நமக்கும் உவப்பானதே. ஆனால், அங்கு அது அறிவை மக்களிடையே பரப்பும் வழியாக அன்றி, மாணவரை ஊர்த் திருச்சபையின் ஊழியத்தில் நிறுத்தும் வழியாகவே கருதப்பட்டது. அம்முடிவில் யாழ்ப்பாண மக்களுக்குப் பங்கு இருந்திலது.

செமினரி மூடப்பட்ட சில ஆண்டுகளுள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பி.ஏ. பரீட்சையில், அங்கு கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் தேறினர். பயனற்றதென மூடப்பட்ட கூடத்தின் பயன் அது. மக்களின் வேண்டுகோளாலும் பொருளுதவியாலும் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. எனினும் அதன் நிலைநிதிக்கு அமெரிக்காவில் ஒரு தருமகர்த்தர் சபை அமைந்தமையால், பணப்பெட்டியின் திறவுகோல் கடல் கடந்தே இருந்தது.

உள்ளூர்ப் பணமாயின் குறை தீர்ந்துவிடுமோ? 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை நிறுவியபின், உள்ளூர்க் கொடையால் சைவப் பாடசாலைகள் பெருகின. மிசனின் பிடியிலிருந்து சைவச் சிறுவர்க்கு அவை புகலளித்தன. ஆயினும், சாதியால் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அவற்றின் கதவுகள் நெடுங்காலம் திறந்தில. ஆகவே, பணம் எங்கிருந்து வந்தது என்பதினும், அதன்மீது யாருக்கு அதிகாரம் என்பதே தலையாய வினா. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதே, படிப்பு தயவென்னும் நிலை நீங்கி உரிமையென்னும் நிலை எய்தத் தொடங்கிற்று.

2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னும், 2009 இல் போர் முடிந்த பின்னும் வடக்கிலும் கிழக்கிலும் தொண்டு நிறுவனங்கள் பல வந்தன. திட்டக் காலம் முடியப் பல சென்றன. உதவியை நாம் வெறுக்கவேண்டியதில்லை. ஆனால், எது தேவை, எப்போது முடித்தல் தகும் என்று தீர்மானிக்கும் அவையில், உதவி பெறும் மக்களுக்கும் ஆசனம் வேண்டும். 1855 இல் வட்டுக்கோட்டையார்க்கு மறுக்கப்பட்ட அந்த ஆசனத்தை இன்று நாம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.