எட்டுத் தலங்கள் ஒரு வட்டமான வரலாறு: மகாராஷ்டிரத்தின் அஷ்டவிநாயக யாத்திரை

புணே நகரைச் சூழ்ந்துள்ள எட்டுக் கணபதி தலங்களை மராத்தியர் அஷ்டவிநாயகம் என்று வணங்குகின்றனர். மோர்காவ், சித்தடேக், பாலி, மஹட், தேயூர், லேண்யாத்ரி, ஓஜர், ராஞ்சண்காவ் என்பது மரபுவழி வரிசை. மோர்காவில் தொடங்கி ஏனைய ஏழையும் தரிசித்தபின் மீண்டும் மோர்காவுக்கு வந்து வணங்கினால்தான் யாத்திரை நிறைவுறும் என்பது விதி.

இவ்வரிசையை வரைபடத்தில் பொருத்திப் பார்த்தால் ஒரு சிக்கல் புலப்படும். இரண்டாவது தலமான சித்தடேக் கிழக்கே பீமா நதிக்கரையில் உள்ளது. மூன்றாவதான பாலியோ சஹ்யாத்ரி மலையைக் கடந்து கொங்கணத்தில் இருக்கிறது. அடுத்துள்ள மஹட்டும் கொங்கணமே. அங்கிருந்து மலையேறி, புணேயையும் தாண்டிக் கிழக்கே தேயூருக்கு வரவேண்டும். கால்நடையாகப் போனவர்கள் வகுத்த வழி இப்படி அமைந்திருக்க முடியாது. எட்டுப் பெயர்களையும் கோத்துச் சொல்லும் வடமொழிச் சுலோகம் ஒன்று மராத்தி வீடுகளில் வழங்குகிறது. மரபு வரிசை அச்சுலோகத்தின் வரிசையே. தலங்கள் பழையவை என்பதால் எட்டையும் சுற்றிவரும் பயணமும் பழையது என்று கொள்வதற்கில்லை. தொகுதி முதலில் நாவில் உருவாயிற்று, காலால் நடந்தது வெகு பிற்காலத்தில் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மராட்டியத்தில் கணபதி வழிபாட்டுக்குத் தனி மரபை ஏற்படுத்தியவராகப் போற்றப்படுபவர் மோரயா கோசாவி. அவர் காலம் பற்றி ஆய்வாளர்கள் 13 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை பலவாறாகக் கூறுவர். அவர் வாழ்வோடு பிணைந்த ஊர்கள் மூன்று: மோர்காவ், தவம் செய்ததாகச் சொல்லப்படும் தேயூர், சமாதி கொண்ட சின்ச்வட். கணபதியே இவர் குலத்தில் தலைமுறைதோறும் இறங்கியதாக மக்கள் நம்பினர். சின்ச்வட் ‘தேவ்’ எனப்பட்ட அவ்வழித்தோன்றல்களைப் பற்றி ஆங்கிலேயரான எட்வர்ட் மூர் 1801இல் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழில் எழுதினார். ஆங்கிலப் பயணி மரியா கிரஹாம் 1809இல் அங்கு நேரில் சென்று கண்டார். மாக, பாத்ரபத மாதங்களில் சின்ச்வட்டிலிருந்து மோர்காவுக்குப் பல்லக்கு செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. நிலத்தில் உண்மையாகவே நடந்து பதிந்த பழைய தடம் இதுதான். இது இரண்டு ஊர்களுக்கிடையிலான போக்குவரத்து; எட்டு ஊர் வட்டமன்று.

எட்டும் ஒன்றுபோல் தோற்றம் பெறத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில். அப்போது மராட்டிய ஆட்சியை நடத்திய பேஷ்வாக்கள் கணபதி பக்தர்கள். அவர்கள் தலைநகர் புணே. மஹட் கோயிலை 1725இல் சுபேதார் ராம்ஜி மகாதேவ் பிவல்கர் கட்டினார். 1739இல் போர்த்துக்கீசியரிடமிருந்து வசாய் கோட்டையைக் கைப்பற்றிய, பேஷ்வாவின் தம்பி சிமாஜி அப்பா, ஓஜர் கோயில் விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். அவ்வெற்றியில் கிடைத்த ஐரோப்பிய மணிகளில் ஒன்று பாலி கோயிலில் தொங்குகிறது. கிறித்தவ ஆலயத்துக்காக வார்க்கப்பட்ட வெண்கலம் பாலி கணபதியான பல்லாளேசுவரர் சன்னிதியில் ஒலிப்பதைக் கேட்பவர், ஒரு போரின் முடிவையும் சேர்த்தே கேட்கிறார். பாலியின் மரக்கோயிலைக் கற்கோயிலாக மாற்றியவர் பேஷ்வா அமைச்சர் நானா பட்னவீஸ். சித்தடேக்கில் மாளவ அரசி அஹல்யாபாய் ஹோல்கர் திருப்பணி செய்தார். தேயூரின் மர மண்டபம் முதலாம் மாதவராவ் எழுப்பியது. காசநோயால் மெலிந்த அந்தப் பேஷ்வா, தம் கடைசி நாட்களைக் கழிக்கத் தேர்ந்ததும் அவ்வூர் கணபதி சன்னிதியைத்தான். 1772 நவம்பர் 18 அன்று, 27 வயதில், அங்கேயே உயிர்நீத்தார்.

தொகுதி பேஷ்வாக்களின் நிலத்தோடு பிணைந்தது என்பதையே அதில் இடம்பெறாத தலங்களும் உணர்த்துகின்றன. ரத்னகிரிக் கடற்கரையின் கணபதிபுளே புகழ் பெற்றது. ஜள்காவ் மாவட்டத்தின் பத்மாலயமும் அப்படியே. இரண்டும் எட்டில் இல்லை. எட்டுத் தலங்களில் ஐந்து இன்றைய புணே மாவட்டத்திலும், இரண்டு ராய்கட்டிலும், ஒன்று அகில்யாநகரிலும் உள்ளன. பேஷ்வாக்களின் அகநாட்டு எல்லையே ஏறக்குறைய அஷ்டவிநாயகத்தின் எல்லை.

லேண்யாத்ரி மட்டும் இந்தக் கட்டட வரலாற்றுக்குள் அடங்காது. ஜுன்னருக்கு அருகே, சுமார் 300 படிகளுக்கு மேல், முப்பதளவான பௌத்தக் குடைவரைகள் வரிசையாக உள்ளன. கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை அவை. ஏழாம் குகைதான் கிரிஜாத்மஜர் எனப்படும் கணபதியின் கோயில். தூண் ஒன்றுகூட இல்லாத அகன்ற கூடம். மூன்று புறச் சுவர்களிலும் துறவியர் தங்கிய சிற்றறைகள் இருபது. பின்சுவரின் நடுப்பகுதியில், பாறையோடு பாறையாய், செந்தூரம் பூசிய கணபதி. பக்கத்துக் குகை புத்த சைத்தியம். எந்த அரசரும் கட்டித் தராத இக்கோயில், மற்ற ஏழோடும் சேர்த்து எண்ணப்படுவதற்கு அச்சுலோகமன்றி வேறு பிணைப்பில்லை. தொகுதி என்பது எண்ணத்தில் உருவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எட்டையும் ஒரே மூச்சில் தரிசிக்கும் வழக்கத்தைப் பொதுமக்களுக்கு எட்டச் செய்தவை தார்ச்சாலையும் பேருந்தும். 1979இல் ராஜதத் இயக்கத்தில் சச்சின் நடித்த ‘அஷ்டவிநாயக்’ மராத்திப் படம் வெளிவந்தது. எட்டுத் தலங்களையும் ஒவ்வொன்றாகப் புகழும் அதன் பாட்டு, சுலோகம் அறியாத வீடுகளிலும் அவ்வூர்ப் பெயர்களைப் புகுத்தியது. கோயில் தொகுதிகள் ஒரு நிலப்பகுதியின் அடையாளத்தை எப்படி உருவாக்குகின்றன என்பதை ஆய்வாளர் ஆன் ஃபெல்ட்ஹாஸ் 2003இல் வெளியான தம் நூலில் அஷ்டவிநாயகத்தையும் எடுத்துக்காட்டி ஆராய்ந்துள்ளார். இன்று புணேயிலும் மும்பையிலும் புறப்படும் சுற்றுலாப் பேருந்துகள் இரண்டு மூன்று நாளில் எட்டையும் முடித்துவிடுகின்றன. லேண்யாத்ரியையும் ஓஜரையும் ஒன்றாகவும், பாலியையும் மஹட்டையும் ஒன்றாகவும் சேர்த்துப் பார்ப்பது சாலைக்கு ஏற்ற வழி. மோர்காவுக்குத் திரும்பும் விதியைப் பலர் விட்டுவிடுகின்றனர். இதைக் குறை என்று நான் கருதவில்லை. பயணம் பிறந்ததே சாலையில் என்றால், அதன் ஒழுங்கும் சாலையினுடையதாகத்தான் இருக்கும்.

இக்கருத்தைச் சோதிக்க வழி உண்டு: பேஷ்வா காலக் கணக்குகளும் கடிதங்களும் புணேயில் பேஷ்வா தப்தர் என்னும் ஆவணக் காப்பகத்தில், பெரும்பாலும் மராத்தியின் பழைய மோடி எழுத்தில் உள்ளன. கோ. ச. சர்தேசாய் 1930களில் 45 தொகுதிகளாக வெளியிட்டது அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்த ஒரு பகுதியே. எட்டுக் கோயில்களுக்கும் சென்ற மானியங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து ஆண்டுவாரியாக அடுக்கினால், சுலோகத்தின் எட்டும் அரசு ஏட்டின் எட்டும் எந்தக் காலத்தில் ஒன்றாயின என்பதைக் கணிக்க முடியும். மோடி படிக்கத் தெரிந்த இளம் ஆய்வாளர்கள் முதலில் கைவைக்க வேண்டியது அங்கேதான்.