ஆஃப்

பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டருக்குத் தமிழில் ஒரு வசதி உண்டு. 'பேங்க் ஆஃப் பரோடா' என்றாலும் 'சுவிட்ச் ஆஃப்' என்றாலும் அவருக்கு ஒரே ஆஃப்தான். ஆங்கிலத்தில் அவை இரண்டு சொற்கள். வங்கியின் பெயரில் வருவதற்கு ஒரு எஃப், சுவிட்சில் வருவதற்கு இரண்டு எஃப். முன்னதை 'ஆவ்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஆங்கில வாத்தியார்கள் திருத்துவார்கள். இன்றைய வழக்குப்படி அவர்கள் சொல்வது சரி. பழைய கணக்கைப் புரட்டினால் வழக்கு பெயிண்டர் பக்கம் சாய்ந்துவிடும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இருந்தது ஒரே சொல். எழுதியதும் ஒரே எஃப் போட்டுத்தான். 'விலகி', 'அங்கிருந்து' என்பது அதன் பொருள். பேச்சில் சில இடங்களில் அதன்மேல் அழுத்தம் விழும், சில இடங்களில் விழாது. அழுத்தம் விழாத இடத்தில் ஒலி தேய்ந்து ஃப் என்பது வ் ஆயிற்று. எழுத்து மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. எஃப் எழுதி வ் என்று படிக்கும் அன்றாடச் சொல் ஆங்கிலத்தில் அநேகமாக இது ஒன்றுதான். அழுத்தம் விழுந்த இடத்தில் ஃப் கெட்டியாக நின்றது. பிறகு அதை இரண்டு எஃப் போட்டு எழுதத் தொடங்கினார்கள். இரண்டு எழுத்து முறையும் நெடுநாள் கலந்துகட்டிக் கிடந்தன. பாகப்பிரிவினை முடிய 17ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

பிரிந்ததில் ஆவ்வுக்குத்தான் யோகம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு ஆள்வோர் மொழியானது. பிரெஞ்சில் 'தெ' என்றொரு சொல் 'இலிருந்து' என்ற பொருளையும் 'உடைய' என்ற பொருளையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தது. பழைய ஆங்கிலம் உடைமையைச் சொல் ஈற்றில் விகுதி சேர்த்துக் காட்டும். அந்த விகுதிகள் உதிர்ந்துகொண்டிருந்த காலம் அது. காலியான இடத்தில் 'தெ'யைப் பார்த்து ஆவ் போய் உட்கார்ந்தது. இன்று எழுத்து ஆங்கிலத்தில் 'தி'க்கு அடுத்தபடி அதிகம் புழங்குவது அதுதான்.

ஆனாலும் பழைய புத்தி போகவில்லை. சில பெயரடைகளின் பின்னால் அது நிற்கும்போது கவனித்தால் தெரியும். கடனில்லாதவனை 'ஃப்ரீ ஆவ் டெட்' என்கிறார்கள். இங்கே ஆவ்வுக்கு உடைமைப் பொருள் வைத்தால் வாக்கியம் கவிழ்ந்துவிடும். கடனிலிருந்து விலகியவன் என்பதுதான் பொருள். கைவசம் காசு போதாதவன் 'ஷார்ட் ஆவ் மணி'. பயந்தவன் 'அஃப்ரெய்ட் ஆவ்'. பயம் எங்கிருந்து வருகிறதோ அதைச் சுட்டுகிறது ஆவ். எந்தப் பெயரடைக்கு எந்த முன்னிடைச்சொல் என்று நம் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். 'விலகி' என்ற ஒரு பொருளைச் சொல்லிவிட்டால் அந்தப் பட்டியலில் கொஞ்சமாவது குறையும். தமிழ் படித்தவருக்கு இது இன்னும் எளிது. நன்னூல் 'இன்' உருபை நீங்கல் பொருள் உள்ள ஐந்தாம் வேற்றுமைக்குக் கொடுக்கிறது. நாமோ இன்று 'ராமனின் வீடு' என்று அதை ஆறாம் வேற்றுமைக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆஃபின் கதை இன்னும் கோணலானது. பல்பு 'கோஸ் ஆஃப்' என்றால் அணைகிறது. அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றால் அடிக்கிறது. வெடிகுண்டென்றால் வெடிக்கிறது, இங்கிலாந்துக்காரர் வீட்டுப் பால் என்றால் திரிந்துபோகிறது. 'வெல்' என்ற சொல்லோடு சேர்ந்தால் வசதியானவர், 'பேட்லி'யோடு சேர்ந்தால் வறியவர். வெள்ளையின் முன்னால் வந்தால் முழு வெள்ளையிலிருந்து சற்று விலகிய நிறம்.

கிரிக்கெட்டின் ஆஃப் சைடு குதிரை லாயத்திலிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். குதிரைக்கு இடப்பக்கம் நின்று ஏறுவது வழக்கம் என்பதால் அது 'நியர் சைடு', பக்கத்துப் பக்கம். எட்டத்தில் இருக்கும் வலப்பக்கம் 'ஆஃப் சைடு'. பிரிட்டனில் கார் மெக்கானிக்குகள் இன்றும் வலப்புறச் சக்கரத்தை ஆஃப் சைடு என்றே சொல்கிறார்கள். வலக்கை ஆட்டக்காரருக்கும் ஆஃப் வலப்பக்கம்தான். இடக்கை ஆட்டக்காரர் வந்தால் அது இடம் மாறிவிடும்.

வினையோடு இப்படி ஒட்டிக்கொள்ளும் குட்டிச்சொற்கள் அயலாரைப் படுத்தும் பாட்டை 1755இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அங்கே அவர் அடுக்கும் எடுத்துக்காட்டுகளில் 'ஃபால் ஆஃப்' ஒன்று. அதற்கு அவர் தரும் பொருள் 'அப்பாஸ்டடைஸ்', அதாவது கொண்ட நெறியை விட்டு விலகுதல். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் கிரேக்க 'அப்போ'வும் ஆஃபும் ஒரே வேர். ஆஃபுக்கு ஆஃபையே விளக்கமாகத் தந்திருக்கிறார். இத்தகைய கூட்டுக்கு இன்று இலக்கணப் புத்தகங்களில் வழங்கும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தன் நூலில் பயன்படுத்தினார். பெயரைச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

கிரேக்கத்தில் அப்போ, லத்தீனில் அப், சமஸ்கிருதத்தில் அப. எல்லாமே 'விலகி'தான். சமஸ்கிருதப் பாதம் ஆங்கிலத்தில் ஃபுட் ஆகவும், பிதா ஃபாதர் ஆகவும் நிற்பதுபோல, பழைய ப் ஒலிக்கு ஆங்கிலக் குடும்பத்தில் ஃப் வரும். கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் 1822இல் இதை விதியாக வகுத்துக் காட்டினார். ஆக அபகரிப்பு, அபகீர்த்தி, அபசகுனம், அபசுரம் எல்லாம் ஆஃபுக்குத் தூரத்துச் சொந்தம். அபாயமும் அப்படியே: விலகிப்போதல், அதிலிருந்து இழப்பு, அதிலிருந்து ஆபத்து. அபயம் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது 'அ'வும் பயமும் சேர்ந்த பயமின்மை. அபலையும் அபூர்வமும் அந்த வகைதான். பள்ளியில் 'ஆப்சென்ட்' போடுகிறோமே, அதன் தலையில் இருப்பது லத்தீன் அப். ஒரே வேர் வடமொழி வழியாகவும், லத்தீன் கலந்த ஆங்கிலம் வழியாகவும், அசல் ஆங்கிலம் வழியாகவும் மூன்று முறை தமிழுக்குள் வந்திருக்கிறது.

ஒலியை நம்பினால் மோசம் போவோம். ஆடித் தள்ளுபடி ஆஃபருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது 'எதிரே கொண்டுவந்து வைத்தல்' என்ற லத்தீன் கூட்டு. ஆபீஸ் 'வேலை', 'செய்தல்' என்ற இரண்டு லத்தீன் சொற்களின் சேர்க்கை. ஆஃப் பாயிலும் ஆஃப் டிக்கெட்டும் ஹகரத்தைத் தொலைத்த பாதிகள்.

'லைட்டை ஆஃப் பண்ணு' என்பதைக் கேட்டால் தமிழன்பர்களுக்கு முகம் சுருங்கும். 'அணை' என்ற நல்ல சொல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மறுப்பில்லை. ஆனால் இதைக் கொச்சை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தார் வினையோடு சேர்த்து 'டர்ன் ஆஃப்' என்றும் 'சுவிட்ச் ஆஃப்' என்றும் சொல்ல, நாம் வினையைக் கழற்றிவிட்டு ஒட்டை மட்டும் வைத்துக்கொண்டு 'பண்ணு' சேர்த்தோம். இதே வேலையை அவர்களுடைய முன்னோரும் செய்திருக்கிறார்கள். தொப்பியைக் கழற்றுவதற்கு ஆங்கிலத்தில் 'டாஃப்' என்றொரு வினை. 'டூ', 'ஆஃப்' இரண்டும் ஒட்டிப் பிறந்தது. அதாவது தொப்பியை ஆஃப் பண்ணுகிறார்கள். உடுத்துவதற்கு 'டான்', அது 'டூ ஆன்'. வட்டார ஆங்கிலத்தில் மெழுகுவத்தியை அணைப்பதற்கு 'டவுட்'. அது 'டூ அவுட்'. சந்தேகத்துக்கான டவுட் வேறு.

நாம் அதோடு நிற்கவில்லை. 'ஃபேன் ஆஃப்ல இருக்கு' என்று ஏழாம் வேற்றுமை சேர்க்கிறோம். ஒரே அதட்டலில் வாயடைத்துப்போனவனை 'ஆள் ஆஃப் ஆயிட்டான்' என்கிறோம். ஷிப்டு வேலைக்காரர் ஒருவர் 'ஞாயித்துக்கிழமை ஆஃபை புதன்கிழமைக்கு மாத்திக்கிட்டேன்' என்கிறபோது, ஆங்கிலத்தில் வினையின் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்ற சொல் இங்கே ஐ உருபேற்றுச் செயப்படுபொருளாகிவிடுகிறது.