மணல் எதிரியாக இருந்த கொள்ளிடம்

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு வருகிறவர்களில் சிலர், இவ்வளவு பெரிய கோயிலுக்குச் சுற்றுமதில் எங்கே என்று கேட்பார்கள். அந்த மதிலின் கருங்கல்லை வெடி வைத்துப் பெயர்த்து, தெற்கே கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் அணைக்கரை என்று சொல்லும் அந்த அணையை 1836இல் கட்டியவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன்.

அணை எதற்கு வந்தது என்று பார்த்தால் மணலில் போய் நிற்கும். அன்று, கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் காவிரியின் படுகை மணல் ஏறி மேடாகிக்கொண்டே இருந்தது. நேராகவும் தாழ்வாகவும் ஓடும் கொள்ளிடம் வெள்ளத்தையெல்லாம் இழுத்துக்கொண்டது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. அதைத் தடுக்க முக்கொம்பில் மேலணை கட்டினார் காட்டன். அதனால் கொள்ளிடத்தில் நீர் குறையும் என்பதால், கீழே பாசனம் செய்கிறவர்களுக்காக அணைக்கரையில் இன்னொன்று. மேலணையின் அடியில் மணல் வெளியேறச் சிறு மதகுகளும் வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஆற்றில் பொறியாளனின் எதிரி மணல்தான்.

கொள்ளிடக் கரையில் ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மோட்டார் இயக்குபவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குச் சோறு போட்டது அந்த மணல். ஆற்றுக்குள் சிமெண்ட் உறை இறக்கிய கிணறு. அதன் அடியிலிருந்து ஓட்டை போட்ட குழாய்கள் மணலுக்குள் நீண்டிருக்கும். ஆற்றில் செம்மண் கலந்து வெள்ளம் புரண்டு ஓடும் நாளிலும் கிணற்றுக்குள் வரும் தண்ணீர் தெளிவாக இருக்கும். குளோரின் மட்டும் கலந்து மேலே ஏற்றுவோம். வடிகட்டுகிற வேலை முழுவதையும் மணலே செய்துவிடும்.

மேல்பக்கம் மணல் குவாரி வந்தது. முதலில் மோட்டார் காற்றை இழுத்து அதிர ஆரம்பித்தது. மணலை வழித்த இடத்தில் களி வெளியே தெரிந்தது; குழிகளில் தேங்கிய நீர் பச்சை பிடித்தது. கோடையில் குழாய்த் தண்ணீரில் இரும்பு வாடை. வேட்டியைத் துவைத்தால் மஞ்சளாகிறது என்று பெண்கள் மோட்டார் அறைக்கே வந்து சண்டை போட்டார்கள். அவர்கள் கோபத்தில் தவறே இல்லை. மேலதிகாரிகளுக்கு எழுதினோம். குவாரிக்கு அனுமதி முறைப்படிதான் இருக்கிறது என்று பதில் வந்தது.

அந்த அனுமதி எப்படி உருவானது என்று தேடிப் படித்ததுதான் ஓய்வுக்குப் பின் என் வேலை.

அந்தத் தேடல் சோழர் காலம் வரை போனது. அப்போது இதே கொள்ளிடத்திலிருந்து கால் வெட்டி, ராசேந்திரன் சோழகங்கம் ஏரிக்கு நீர் கொண்டுவந்தான். இன்று பொன்னேரி என்கிறோம். ஏரிகளைக் கவனிக்க உத்திரமேரூரில் ஏரி வாரியம் இருந்ததைப் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஓடம் விட்டு ஏரியில் தூர் எடுக்க நிவந்தம் விட்டதையும் அக்காலக் கல்வெட்டுகளில் காணலாம். எடுத்த மண்ணை விற்க அல்ல, நீர் நிற்க இடம் வேண்டும் என்பதற்காகத் தூர் எடுத்தார்கள்.

ஆற்றின் கணக்கு மாறியது 1934இல். மேட்டூர் அணை வந்தது; மேலிருந்து வரும் மணல் அங்கேயே தங்கியது. 1955இல் பவானிசாகர், அடுத்து அமராவதி. முக்கொம்பு நிரம்பி வழியும் ஆண்டுகளில்தான் கொள்ளிடத்துக்குப் புது மணல் கொஞ்சமாவது வருகிறது. அதே காலத்தில் கான்கிரீட் வீடு பெருகியது. எங்கள் அரியலூர் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி ஊர் ஊராகப் போனது. போன இடமெல்லாம் மணல் கேட்டது.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் வந்தது 1959இல். மேட்டூர் கட்டி 25 ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் ஆறு மணலைத் தந்துகொண்டே இருக்கும் என்ற நினைப்பில்தான் அனுமதி ஓடியது. யார் எடுப்பது, அரசுக்கு எவ்வளவு கட்டுவது என்பதே பெரிய பேச்சு. 2003 அக்டோபர் 2 முதல் தனியார் குத்தகையை நிறுத்தி, ஆற்று மணலை அரசே எடுக்கும் என்றார்கள். எடுப்பவர் மாறினார், மணல் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற கேள்வியை அன்றும் யாரும் கேட்கவில்லை.

நல்ல விதியே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாலம், குடிநீர்க் கிணறு, நீரேற்று நிலையம் இவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் குவாரி கூடாது என்ற விதி இருக்கிறது. ஆனால் மணலுக்கடியில் நீர் நடக்கிற வழி 500 மீட்டரோடு நின்றுவிடாது. மேலே தோண்டிய பள்ளம் கீழே உள்ள கிணற்றின் ஊற்றையும் இறக்கிவிடும்.

2006இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அறிவிக்கை வந்தது. 5 ஹெக்டேருக்குக் குறைந்தால் அனுமதி வேண்டாம் என்று ஒரு வழி இருந்தது. பெரிய குவாரியைத் துண்டு துண்டாக்கி அந்த வழியில் நுழைந்தார்கள். 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடைத்தது. 2016இல், மணல் எடுக்க அனுமதி தருமுன் மாவட்ட ஆய்வறிக்கை கட்டாயமானது. 3 மீட்டருக்கு மேல் தோண்டக் கூடாது, அதற்கு முன்பே நீர் மட்டம் வந்தால் அங்கேயே நிறுத்து என்றது வழிகாட்டி நெறி. சிறு குவாரிகளுக்கு மாவட்ட அளவிலேயே அனுமதி தரும் ஏற்பாட்டை 2018இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஏற்க மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் போயின. கட்டடம் பழையது என்றது அரசு; மணல் அள்ளியதால் வந்த வினை என்றார்கள் விவசாயிகள்.

2023 நவம்பரில் மணல் வழக்கில் ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு அமலாக்கத் துறை அழைப்பாணை அனுப்பியது. அதில் அரியலூரும் ஒன்று. அனுமதித்த அளவு ஒன்று, அள்ளிய அளவு வேறு என்பதே குற்றச்சாட்டு. செய்தித்தாள்கள் பணத்தைப் பற்றி எழுதின. குடிநீர்க் கிணறுகளைப் பற்றி ஒரு வரி தேடினேன். நான் படித்தவற்றில் இல்லை.

2025 ஆகஸ்டில்தான், ஜம்மு காஷ்மீர் வழக்கு ஒன்றில், மணல் எவ்வளவு மீண்டும் சேர்கிறது என்ற ஆய்வு இல்லாத மாவட்ட அறிக்கை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். மேட்டூர் கட்டி 91 ஆண்டுக்குப் பிறகு வந்த கேள்வி. வந்ததே பெரிது என்று நினைக்கிறேன்.

கொள்ளிடத்துத் தண்ணீரை நாங்கள் மட்டும் குடிக்கவில்லை. கீழணையில் தேங்கும் நீர் வடவாறு வழியாக வீராணம் போய், அங்கிருந்து 2004 முதல் சென்னைக்கும் போகிறது. ஆகவே அரியலூர், தஞ்சை, கடலூர் மக்களோடு சென்னைக்காரர்களுக்கும் சொல்கிறேன். மாவட்ட ஆய்வறிக்கையின் வரைவை மாவட்ட இணையதளத்தில் 21 நாள் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் அதைப் படித்த ஆளை இதுவரை நான் பார்த்ததில்லை. அடுத்த வரைவு வரும்போது எடுத்துப் படியுங்கள். மணல் எத்தனை யூனிட் என்ற பக்கத்தோடு நிறுத்தாமல், அருகிலுள்ள குடிநீர்க் கிணறுகளின் நீர்மட்டமும், தோண்டுவதற்கு முன்னும் பின்னும் எடுக்கவேண்டிய நீர்ப் பரிசோதனையும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 21 நாளுக்குள் எழுதிக் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானமாகவும் போடுங்கள்.