காம்பவுண்டுக்குள் நடந்தால் கேஸ் இல்லையா?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுத்த கார் வாட்ச்மேன் கால்ல ஏறிடுச்சு. உள்ள நடந்ததுக்கு இன்சூரன்ஸ் வராதுன்னு சொல்றாங்க, நிஜமா?"

எனக்கு 1992 ஞாபகம் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த ஊரில், ஒரு ரைஸ் மில் களத்தில் பின்னால் வந்த லாரி மோதி ஒரு கூலித் தொழிலாளி காலை இழந்தார். அவர் மனைவி என்னிடம் வந்து, "வாத்தியாரய்யா, மனு எழுதித் தாங்க" என்றார். "சுவருக்குள்ள நடந்தது, சட்டம் ரோட்டுக்குத்தாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மில்காரர் கொடுத்த சொற்பப் பணத்தோடு அந்தக் குடும்பம் ஊரை விட்டே போனது.

நான் சொன்னது தவறு என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிறருக்கு நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1-இல். ஆனால் "பொது இடத்தில்" ஓடும் வண்டிக்கு என்று அதில் ஒரு சொல் இருந்தது. மக்களுக்குச் செல்ல உரிமையுள்ள இடம் பொது இடம் என்பது விளக்கம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே விளக்கம்தான்.

அந்தச் சொல்லை வைத்துத்தான் கம்பெனிகள் வழக்காடின. 1988-இல் பம்பாய் உயர்நீதிமன்ற முழு அமர்வு, தனியார் இடமானாலும் மக்கள் வந்துபோகிற இடமென்றால், கேட் போட்டு அனுமதித்தாலும்கூட, அது பொது இடமே என்றது. 1999-இல் நம் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வும் அதே வழியில் தீர்ப்பளித்தது.

நெல் கொண்டு ஊரே வந்துபோன இடம் அந்த மில் களம்! நான் மனு எழுதியபோது பம்பாய் தீர்ப்பு வந்து நான்கு வருடம் ஆகியிருந்திருக்கும், எழுதத்தான் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கவனக்குறைவாக ஓட்டிக் காயப்படுத்தினால் ஓட்டியவரும், அவரை வேலைக்கு வைத்த உரிமையாளரும் பொறுப்பு. அது ரோடா, களமா என்ற பேச்சே இல்லை. சுவர் குறுக்கே வருவது கம்பெனி பணம் தருமா என்ற கேள்வியில் மட்டும்தான். வெளியார் யாருமே நுழையாத வீட்டு முற்றம் என்றால் இன்றும் வழக்காடுவார்கள். அப்போது பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆகவே அந்த மாணவரிடம் சொன்னேன்: "போலீஸில் புகார் பதிவு செய்யுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். வக்கீலைப் பாருங்கள். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு மறுபடி வந்திருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள். வாட்ச்மேனுக்கு எழுதத் தெரியாவிட்டால் நீங்கள் எழுதிக் கொடுங்கள்."

என்னிடம் படித்தவர்கள் யாராவது, தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல ஓர் ஏழையிடம் சொல்லாமல் இருந்தால், அதுவே எனக்குப் போதும்.