காப்பி அடித்த சட்டமா? கேள்வி கேட்டு வாங்கிய சட்டமா?

"அரசமைப்புச் சட்டமே பல நாடுகளிலிருந்து காப்பி அடிச்சதுதானே தோழர்?"

திருவொற்றியூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு கல்லூரி மாணவர் இப்படிக் கேட்டார். கிண்டலாக அல்ல, வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துக் குழம்பிப் போய்த்தான் கேட்டார். அன்று சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

1946 ஜூலையில் பி.என். ராவ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி அரசியல் நிர்ணய சபையின் அரசமைப்பு ஆலோசகராக நியமிக்கப்பட்டார். அவருடைய அலுவலகத்தின் முக்கிய வேலை, பிற நாடுகளின் சட்டங்களைத் திரட்டி உறுப்பினர்களின் கையில் கொடுப்பது. எந்த நாட்டில் எந்த உரிமையை எப்படி எழுதினார்கள், நடைமுறையில் அது என்ன ஆனது என்ற விவரங்கள் மூன்று தொகுப்புகளாக அச்சாகின. 1947 இறுதியில் ராவ் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் சென்று அங்குள்ள நீதிபதிகளையும் அறிஞர்களையும் நேரில் சந்தித்தார். 1949 நவம்பர் 25 அன்று அண்ணல் அம்பேத்கர் தம் நிறைவுரையில், தமக்குத் தரப்படும் பாராட்டில் ஒரு பங்கு ராவுக்குச் சேர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

எனவே, பிற நாடுகளிடமிருந்து எடுத்தது உண்மைதான். அதை அண்ணலே மறைக்கவில்லை. கடன் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று 1948 நவம்பர் 4 அன்று சபையிலேயே பேசினார். ஆனால் கோப்பு தானாகப் பேசாது. எந்தக் கேள்வியோடு அதைத் திறக்கிறோமோ அதற்குத்தான் பதில் தரும்.

சேரியின் கேள்வியோடு திறந்தவர் அண்ணல். 1947இல் அவர் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பில் அளித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், அடிமைத்தனம் ஒழிந்த பிறகு கறுப்பின மக்களுக்காக அமெரிக்கா இயற்றிய 1866, 1875ஆம் ஆண்டுச் சட்டங்களை முன்மாதிரியாகக் காட்டுகிறார். விடுதி, வண்டி, நாடக அரங்கு ஆகியவற்றில் நிறம் பார்க்கக் கூடாது என்றது 1875ஆம் ஆண்டுச் சட்டம். 1883இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சமத்துவத்துக்கான அரசமைப்புத் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்பது காரணம். அத்தகைய சட்டம் மறுபடி வர 1964 வரை, 81 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது நம் சட்டத்தைப் பாருங்கள். பிரிவு 15(2) கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம் என்று தனியார் வாசலையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அரசு நிதியில் நடக்கும் கிணறு, குளம், சாலையும் அதில் உண்டு. பிரிவு 17 தீண்டாமையை எவர் கடைப்பிடித்தாலும் தடை செய்கிறது. 'கடை' என்பதற்கு எவ்வளவு பொருள் என்று சபையில் கேள்வி எழுந்தபோது, சேவை தரும் இடங்களையும் சேர்த்த விரிந்த பொருளில்தான் அந்தச் சொல் நிற்கிறது என்று அண்ணல் விளக்கினார். முடிதிருத்தும் கடையில் துண்டு போட மறுத்தவன் முன்னால் நாம் சட்டம் பேச முடிவது இதனால்தான். அமெரிக்கா விட்டுவைத்த ஓட்டை இங்கே அடைபட்டிருக்கிறது. இதைக் காப்பி என்று சொல்ல முடியுமா?

அதே கோப்பிலிருந்து நமக்குக் கிடைக்காமல் போனதும் உண்டு. உரிமைகளை இரண்டாகப் பிரிக்கும் முறை அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசமைப்பில் இருந்தது. ஒன்று நீதிமன்றத்தில் கேட்கக் கூடியது, மற்றொன்று அரசுக்கு வெறும் வழிகாட்டி. ராவ் அதைப் பரிந்துரைத்தார். முக்கியத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும், அதை அரசமைப்பிலேயே எழுத வேண்டும் என்ற அண்ணலின் 1947ஆம் ஆண்டுக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. பின்னர் வரைவுக் குழுத் தலைவராக வழிகாட்டி நெறிகளுக்கு ஆதரவாக அவர் வாதாடியதும் உண்மை. விளைவு என்ன? வாழ்வதற்குப் போதுமான கூலி பிரிவு 43இல் இருக்கிறது. எண்ணூரிலும் மணலியிலும் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் நம் அண்ணன், அந்தப் பிரிவை மட்டும் காட்டி வழக்குப் போட முடியாது.

இன்றைக்கு நம் கேள்வி என்ன? எங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் ராயபுரம் பக்கம் வாடகைக்கு வீடு தேடினார். அட்வான்ஸ் வரை பேசியாகிவிட்டது. கடைசியில் "நீங்க என்ன ஆளுங்க?" என்றார் வீட்டுக்காரர். மறுநாள் வீடு இல்லை. காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றோம். "காலையில துறைமுகத்துல ஷிப்ட் இருக்கு, விடுங்க" என்றார்.

சட்டம் இல்லாமல் இல்லை. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955, பிரிவு 4, குடியிருப்பில் தடை போடுவதையும் குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மாறாக நிரூபிக்கப்படும் வரை காரணம் தீண்டாமைதான் என்று நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது பிரிவு 12. ஆனால் அது குற்றவியல் பாதை. எப்.ஐ.ஆர். இல்லாமல் வண்டி நகர்வது கடினம். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில், இனம் பார்த்து வீடு மறுக்கப்பட்டவர் காவல்துறையை நம்பாமல் நேராக உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். அந்தச் சட்டத்தில் சாதியை வெளிப்படையாகச் சேர்க்கும் போராட்டம் அங்கேயும் முடியவில்லை என்பது வேறு கதை. இங்கே வேலை, வீடு, சேவை அனைத்துக்கும் பொதுவான பாகுபாடு எதிர்ப்புச் சட்டம் ஒன்று மத்தியில் இன்னும் வரவில்லை.

ராவின் அலுவலகம் இன்று இல்லை. ஆனால் அன்று அந்த அலுவலகம் திரட்டியதை இன்று கைப்பேசியில் திரட்டலாம். கேள்வியைத்தான் யாரும் நமக்காகக் கேட்க மாட்டார்கள். அடுத்த மாத வகுப்பில் பிரிவு 15(2), 1955ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்டன் சட்டம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப் போகிறோம். வீடு மறுக்கப்பட்ட தோழர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் கேள்வி அவருடையது.